தாவும் பட்டன் வலது பக்கம்

1

ஐப்பசி பிறந்த வாரத்தில் அயர்லாந்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அங்கே வேலையில் இருக்கும் எங்கள் ஒரே மகன் செந்தில் அனுப்பியது. கம்பளிச் சட்டையாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். கொச்சி மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில் கம்பளியை யார் போடுவது, அதுகூட மறந்துபோச்சா இவனுக்கு என்று மனதுக்குள் ஒரு சடைவும் வந்தது. உள்ளே சட்டை இல்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, நகத்தளவு ஒரு மெமரி கார்டு, வயர்கள், கையில் பிடித்து வீடியோ கேம் ஆடுகிற கன்ட்ரோலர் ஒன்று.

வீடியோ காலில் வந்தான்.

“அம்மா, அந்தப் பெட்டி கம்ப்யூட்டர்.”

“இதா? டைப் அடிக்கிற கட்டை எங்கல?”

“அதொண்ணும் வேண்டாம்மா. டிவியில சேத்தா நம்ம பழைய கடை ஆட்டமெல்லாம் இதுல வரும். கேசட்டும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். நம்ம கையில கேசட் உள்ள ஆட்டம் மட்டும்தான் ஏத்தியிருக்கேன். அப்பாக்கு கொடுங்க.”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு அது காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆடி மாதத்தில் பக்கவாதம் வந்தது. கால் சீக்கிரம் தேறிவிட்டது. வாயும் கோணலில்லாமல் பேச்சு திரும்பிவிட்டது. வலது கைதான் வரவில்லை. தோளிலிருந்து தூக்குவார், மணிக்கட்டும் ஆடும், விரல்கள் மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கும். பயிற்சி கொடுக்க ஷைனி என்ற பெண் தோப்பும்படியிலிருந்து வந்து போவாள். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள். அவள் இருக்கும் வரைக்கும் அமுக்குவார். அவள் வண்டி தெரு முனை திரும்பியதும் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடும்.

தை மாதத்தில் எங்கள் சொந்த ஊரான புளியங்குடியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். இவருடைய தங்கை சரஸ்வதியின் மகள் பிரியாவுக்கு. இவர் தாய்மாமன். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சரஸ்வதி போனில் அழுதாள்.

“மதினி, அண்ணன் வரலைன்னு சொல்லுதாவளே. எனக்குக் கூடப்பொறந்தது வேற யாரு இருக்கா? நீங்க எப்படியாவது கூட்டிட்டு வந்திருங்க மதினி.”

போனை வைத்துவிட்டு இவரிடம் கேட்டேன். நான் எதையும் நேராகக் கேட்டுப் பழகாதவள். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“மாலையை யாராச்சும் ஒரு பக்கம் புடிச்சா போட்டுருவேன்” என்றார். “அதுக்குப் பொறவு பந்தியில உக்காரச் சொல்லுவாவ. தாய்மாமன் மொத பந்தியில உக்காராம எங்க போவேன்? ஊரே பாத்திருக்க, பீச்சாங்கையால அள்ளித் திங்கச் சொல்லுதியா?”

வீட்டிலேயே இவர் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிடுவார். என்னைக்கூட உள்ளே விடமாட்டார். ஊட்டிவிட வந்த என் கையை ஒருமுறை தட்டிவிட்டதோடு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இவர் கொச்சியில் என்ன தொழில் செய்தார் என்று சரியாகத் தெரியாது. எலுமிச்சை லாரியோடு போனவர், அங்கேயே தங்கிவிட்டார் என்பது வரைக்கும் தெரியும். தங்கியவர் முதலில் சினிமாக் கேசட் வாடகைக் கடை போட்டார். அது படுத்ததும் அதே இடத்தில் இரண்டு டிவியை வைத்து வீடியோ கேம் கடை ஆக்கினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் அத்தனையும் எங்கள் வாசலில் நிற்கும். குஜராத்திப் பிள்ளை, கொங்கணிப் பிள்ளை, மலையாளத்துப் பிள்ளை, வீட்டில் உருது பேசுகிற பிள்ளை. ஒரு டிவிக்கு நாலு பேர் உட்கார்ந்தால் அடிதடி வரும். அதற்கு இவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆடுகிறவனுடைய ஆள் செத்தால், அவன் கன்ட்ரோலரை அடுத்தவன் மடியில் வைத்துவிட வேண்டும். ‘ஒரு தடவை கூடி, சேட்டா’ என்று இன்னொரு ஆட்டத்துக்குக் கெஞ்சினாலும் கிடையாது. “செத்தா கை மாத்து!” என்று தமிழில்தான் சத்தம் போடுவார். தமிழே தெரியாத பிள்ளைகளுக்கும் அது மட்டும் தெரியும்.

இவர் சாப்பிட வரும் நேரத்தில் நான் கடையில் இருப்பேன். அப்போது எனக்கு மலையாளம் வராது. கடைத்தெருவுக்குப் போனால் சாமானைத் தொட்டுக் காட்டி வாங்கி வருவேன். ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே நடப்பேன். கேம் கடையில் அந்தத் தொந்தரவு இல்லை. ஸ்டார்ட், செலக்ட், கண்டின்யூ, கேம் ஓவர். அவ்வளவுதான் பாஷை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் படிக்க வந்தது அந்தத் திரையில்தான். மத்தியானம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், சத்தத்தைக் குறைத்துவிட்டு நானும் ஆடிப் பார்ப்பேன். ஒரு குள்ளன் பலகைமேல் ஓடுவான். பள்ளம் வந்தால் தாவ வேண்டும். பெரும்பாலும் பள்ளத்தில்தான் விழுவான்.

இவருக்கு அது தெரியும். ஒன்றும் கேட்டதில்லை. சாப்பிட வரும்போது குள்ளன் கேசட்டை மெஷினில் செருகி வைத்துவிட்டு வருவார்.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பிள்ளைகள் வருவது நின்றது. இப்போது அந்தக் கடையில் ஒருவர் வெள்ளைக்காரர்களுக்குப் பித்தளைச் சாமான் விற்கிறார். அந்த வாடகைதான் எங்களுக்குச் சோறு. ஆவணியில் அந்த வாடகைக் கணக்குக்காக வங்கிக்குப் போனோம். இவருடைய இடது கைக் கையெழுத்து பழைய கையெழுத்தோடு சேரவில்லை. அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று. மைப்பெட்டியை முன்னால் தள்ளினாள். விரல் வைக்கச் சொன்னாள்.

“எனிக்கு ஒப்பிடான் அறியாம்” என்றார் இவர். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று அர்த்தம். இரண்டு முறை சொன்னார். பிறகு பெருவிரலை நீட்டினார். ஆட்டோவில் வரும்போது அந்த மையைத் துடைக்கக்கூட இல்லை.

3

பெட்டியை டிவியில் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. செந்தில் போனில் சொல்லச் சொல்ல, ஒரு கையில் போனை டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் நான் செய்தேன். கார்டைப் பெட்டியின் அடியில் செருக வேண்டும். தட்டை வயரின் ஒரு முனை பெட்டியில், மறு முனை டிவியின் முதுகில். கரண்டு கொடுக்கிற அடாப்டரை எடுத்துப் பார்த்தால் அதன் முள் மூன்றும் சதுரமாக, தடியாக இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் நுழையவே நுழையாது.

“ஏல, நம்ம சுவரு எப்படி இருக்கும்னே மறந்துட்டியா?”

நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஐயோ, இவிட எல்லாம் இதாம்மா பிளக். நான் யோசிக்கல. இப்போதைக்கு போன் சார்ஜரைக் குத்துங்க.”

போன் சார்ஜரைக் குத்தினேன். பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது, பக்கத்தில் இன்னொன்று கண் சிமிட்டியது. டிவியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. ஓடி முடியவும் திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில் மின்னல் குறி ஒன்று வந்து நின்றது.

கொச்சியில் ஐப்பசி மாதம் எப்படி இருக்கும் என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். மத்தியானம் வரைக்கும் வெயில் கொளுத்தும். அதற்கப்புறம் திடீரென்று இருட்டி இடி இறங்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலே எல்லா வீட்டிலும் டிவி, பிரிட்ஜ், மிக்ஸி என்று பிளக்குகளை உருவிப் போட்டுவிடுவார்கள். எனக்கும் அது கையோடு வந்த பழக்கம். மின்னல் குறியைக் கண்டதும், இந்தக் காலத்துப் பெட்டி முன்கூட்டியே சொல்லுது போல என்று நினைத்து, படக்கென்று பிளக்கை உருவிவிட்டேன்.

செந்தில் சிரித்த சிரிப்பில் போன் குலுங்கியது. பின்னால் அவன் பெண்டாட்டி மலையாளத்தில் என்ன என்று கேட்க, அவன் மலையாளத்தில் சொல்ல, பேத்தி இங்கிலீஷில் கேட்க, அவளுக்கு இங்கிலீஷில் சொல்ல, என் மடத்தனம் மூன்று பாஷையில் அயர்லாந்தைச் சுற்றியது.

“அது இடி இல்லம்மா. கரண்ட் போதலன்னு சொல்லுது, அவ்வளவுதான். பின்னே ஒரு காரியம். இனி ஒருநாளும் நேரா பிளக்க உருவாதீங்க. அது கார்டுல எழுதிட்டிருக்கும்போது உருவினா கார்டு கேடாயிடும். மெனுவுல போய் அணைச்சிட்டு, விளக்கு நின்ன பொறவுதான் உருவணும். செரியா?”

“செரி, செரி.”

மறுநாள் கடைத்தெருவில் முள் மாற்றுகிற கட்டை ஒன்று வாங்கி வந்தேன். மின்னல் குறி போய்விட்டது. திரை இப்போது பட்டன்களைக் கேட்டது. மேலே போக எந்தப் பட்டன், கீழே போக எந்தப் பட்டன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் எதை அமுக்குகிறோமோ அதுவே அதற்கு என்று எழுதிக்கொள்ளும். கன்ட்ரோலரில் திசைகளுக்கான சிலுவைப் பட்டன் இடது பக்கம். தாவுவதற்கு ‘ஏ’ என்ற பட்டன், அது வலது பெருவிரலுக்கு.

“அம்மா, ‘ஏ’ன்னு கேக்கும்போது அதை அமுக்காதீங்க” என்றான் செந்தில். “மேல் விளிம்புல இடது பக்கம் ஒரு பட்டன் உண்டில்ல, அதை அமுக்குங்க. அப்போ அப்பா இடது கையால மட்டுமே எல்லாம் ஆடலாம். பாவம், சந்தோஷமா ஆடட்டும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படியே செய்தேன்.

4

குள்ளன் ஆட்டம் தொடங்கும்போது ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டுக்குத்தான் இவர் கட்டிலில் திரும்பினார். கன்ட்ரோலரை மடியில் ஒரு தலையணை போட்டு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது பெருவிரல் சிலுவையில், சுட்டுவிரல் மேல் விளிம்பில். குள்ளன் ஓடினான். முதல் பள்ளத்தைத் தாவினான்.

“சவுண்ட கூட்டு” என்றார். அந்த மாதத்தில் இவராக என்னிடம் கேட்ட முதல் சங்கதி அதுதான்.

அதற்கப்புறம் காலையில் எழுந்தால் சாயா, பெட்டி. சாப்பிட்டால் பெட்டி. ஆடிய இடத்தை அப்படியே நிறுத்தி வைக்கவும் அந்தப் பெட்டியில் வழி இருந்தது. மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, கடை நடத்திய காலத்தில்கூடப் பார்க்காத கோட்டைக்கெல்லாம் போய்விட்டார். செந்தில் கூப்பிட்டால் போனை வாங்கி, “நேத்து பாலம் தாண்டிட்டேம்ல” என்று சொல்வார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டேன்.

ஷைனி வந்தவள் கதவருகில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். அவள் எனக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

“அம்மே, அச்சனோட இடது கை மிடுக்கன். சமர்த்தா எல்லாம் செய்யுது. பட்சே வலது கை அவிட தலையணையில உறங்குது. இடது கை எல்லாம் செஞ்சா, வலது கை எதுக்கு எழுந்திரிக்கணும்?”

“அவரு சந்தோஷமா இருக்காரே, மோளே.”

“சந்தோஷம் நல்லதுதான். கல்யாணத்துக்குப் போணும்னு அம்மை சொன்னீங்களே?”

அவள் போன பிறகு எட்டிப் பார்த்தேன். குள்ளன் பறந்து பறந்து ஓடுகிறான். இவருடைய வலது கை தலையணை ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. பட்டனை மாற்றினால் போதும், மெனுவில் அதற்கு இடம் இருக்கிறது, எனக்கும் தெரியும். மனசு வரவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். சரஸ்வதி கூப்பிட்டால், பார்ப்போம், பார்ப்போம் என்றேன்.

5

அப்படி ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. முதல் இடியே தலைக்கு மேல். எதிர்வீட்டுக் கொங்கணிக்காரி ராதா ஜன்னலிலிருந்து கத்தினாள். “சேச்சியே! பிளக் ஊரிக்கோ! பிளக்!”

ஓடினேன். பிரிட்ஜை உருவினேன். மிக்ஸியை உருவினேன். டிவியை உருவினேன். அதே வேகத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்ததையும் உருவினேன்.

“ஏட்டி! ஏட்டி! சேவ் ஆகுதுடி!”

இவர் கத்தியது இடிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அதற்குள் என் கையில் பிளக் இருந்தது.

மழை விட்டதும் சேர்த்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கொஞ்சம் ஓடி, பாதியில் நின்றுவிட்டது. மறுபடி போட்டாலும் அதே இடம். செந்திலிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கார்டு போச்சும்மா” என்றான். “முதல்லேர்ந்து எழுதணும்.”

“அப்பா சேத்து வச்ச ஆட்டம்?”

“அதும் போச்சு.”

இவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6

கார்டை எழுத கம்ப்யூட்டர் வேண்டும். சுள்ளிக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ரஸியா என்ற பெண் நடத்துகிறாள். கார்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று மலையாளத்தில் மனதுக்குள் சேர்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் நின்றதும் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. மகனுக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டிவிட்டேன்.

அவன் பேசினான், அவள் பேசினாள். மளமளவென்று மலையாளம். எங்கிருந்து இறக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும், ஆட்டங்களை எந்த இடத்தில் போட வேண்டும் என்று. நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் என்னிடம் பேசும்போது ஒரு வார்த்தையைத் தேடி நின்று நின்று பேசுவான். அவளிடம் நிற்கவே இல்லை. இதுதான் அவன் பாஷை என்று எனக்கு அன்றைக்குத்தான் நன்றாக உறைத்தது. நான் பெற்றவன், நான் வந்து சேர்ந்த ஊருக்குச் சொந்தமாகிவிட்டான், பிறகு அந்த ஊரையும் விட்டுவிட்டான். அந்தச் சிறிய கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கார்டு எழுதி முடியும் வரை ஆட்கள் ஆதார் நகல் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஸியா எனக்கும் ஒரு சாயா வரவழைத்தாள்.

“மோன் அம்மையக் குறிச்சு வளரே வர்த்தானம் பறஞ்ஞு” என்றாள். உன் மகன் உன்னைப் பற்றி நிறையப் பேசினான் என்று. என்ன பேசினான் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

7

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினேன். செந்தில் வேலைக்குப் போயிருப்பான், கூப்பிடவில்லை. வெள்ளை எழுத்து ஓடி முடிந்தது. புதுக் கார்டு, அதனால் திரை மறுபடியும் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. மேலே, கீழே, இடது, வலது. அமுக்கிக்கொண்டே வந்தேன். ‘ஏ’ என்று வந்தது.

அங்கே என் கை நின்றது. கட்டிலில் இவர் முதுகு தெரிந்தது. இடது விளிம்புப் பட்டனை அமுக்கினால் நாளைக் காலையிலேயே வீட்டில் சிரிப்பு கேட்கும். தையில் நான் மட்டும் ரயிலேறி, பிரியாவின் கழுத்தில் யாரோ மாலை போடுவதைப் பார்த்துவிட்டு வருவேன்.

வலது பக்கத்து ‘ஏ’யை அமுக்கினேன்.

பாட்டு கேட்டதும் இவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. தலையணையைத் தாமே இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். குள்ளன் ஓடினான். பள்ளம் வந்தது. விளிம்புப் பட்டனை அமுக்கினார். குள்ளன் நேராகப் பள்ளத்துக்குள் போனான். மறுபடி ஓடினான், மறுபடி விழுந்தான்.

“பட்டன் மாறிக் கெடக்கு” என்றார்.

“மாறல. நான்தான் மாத்தினேன்.”

நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்னதற்கு எதிராக நான் ஒன்றும் செய்தது கிடையாது. அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

“பழையபடி வையி.”

“வைக்க மாட்டேன்.”

“வையின்னு சொல்லுதேன்!”

“நீங்க சோத்தாங்கையால தாவுங்க” என்றேன். சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கும் மறுநாளும் கன்ட்ரோலரைத் தொடவில்லை. என்னோடு பேசவும் இல்லை. பெட்டி சும்மா கிடந்தது. அதற்கடுத்த நாள் எனக்கு என்ன தோன்றியதோ, பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நானே ஆடத் தொடங்கினேன். எனக்கு அப்போதும் ஆட வராது, இப்போதும் வராது. பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே தாவி, பள்ளத்தின் நடுவில் போய் விழுந்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஆடினேன். பறவை ஒன்று வந்து கொத்தியது.

“குனியணும்” என்றார் ஜன்னலிடம்.

குனிந்தேன். குனிந்தபடியே போய்ப் பள்ளத்தில் விழுந்தேன்.

“அடச்சீ! பலகை முடியுற எடத்துலல்லா தாவணும்! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? கடையில இருந்திருந்தா ஒன்னைய வெரட்டி விட்டுருப்பேன்.”

“சரி, செத்துட்டேன்” என்று சொல்லி, கன்ட்ரோலரை எடுத்து இவர் மடியில் வைத்தேன். “செத்தா கை மாத்து.”

இவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முறைக்கத்தான் பார்த்தார், உதடு கேட்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி, அதன் பெருவிரலை எடுத்து ‘ஏ’ பட்டன்மேல் வைத்தார், ஒரு சாமானை எடுத்து வைப்பது மாதிரி. குள்ளனை ஓட விட்டார். பள்ளம் வந்தது. பெருவிரல் அசையவில்லை. விழுந்தான். என் மடியில் வைத்தார்.

நான் விழுந்தேன். அவர் மடியில் வைத்தேன். அவர் விழுந்தார். அப்படியே போனது அன்றைக்கு. ஒரு தடவைகூட யாரும் தாவவில்லை.

கார்த்திகை முழுக்க அதுதான் எங்கள் வேலை. அவர் பெருவிரல் முதலில் பட்டனை அமுக்கியபோது குள்ளன் பள்ளத்துக்கு எவ்வளவோ பின்னால் நின்றுகொண்டிருந்தான். சும்மா நின்ற இடத்தில் ஒரு துள்ளு துள்ளினான். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். மறுபடி அமுக்கினார். மறுபடி துள்ளினான். முன்னால் ஓட மனசில்லாமல் நின்ற இடத்திலேயே அவனை வெகுநேரம் குதிக்க வைத்தார். ஷைனி வந்தபோது, “அம்மே, பந்து எவிட?” என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இவரே எடுக்கச் சொன்னார்.

கோட்டைக்கு இவர் மறுபடி போகவில்லை. பாலம்கூட எட்டவில்லை. செந்தில் ஒருநாள், “அப்பா, இது கஷ்டமா இருந்தா பழையபடி இடது பக்கம் வச்சுத் தரட்டுமா? இங்கேர்ந்தே செய்யலாம்” என்று கேட்டான்.

“தொட்டா கைய ஒடிச்சிருவேன்” என்றார் இவர்.

மார்கழிக் கடைசியில் சரஸ்வதிக்கு இவரே போன் போட்டார். நான் பக்கத்தில் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஏளா, மாலை கனமாக் கட்டச் சொல்லாத. லேசாக் கட்டச் சொல்லு.”

8

புனலூர் வழி ரயிலில் போய்த் தென்காசியில் இறங்கினோம். ஊரில் எல்லாரும் என்னைக் கொச்சிக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ‘செரி, பின்னே’ என்று பேச்சை முடித்தால் சிரிக்கிறார்கள். இங்கே மட்டாஞ்சேரியில் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் பாண்டிக்காரி, தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். இரண்டும் பழகிவிட்டது.

மாலையை இவர் இரண்டு கையாலும் போட்டார். வலது கைப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, பிரியா குனிந்து கொடுத்தாள். போட்டோ எடுப்பவர், “மாமா, இன்னொருக்கா” என்றார். இவர் முறைத்தார். அதிலெல்லாம் எனக்குப் பயமே இல்லை. என் பயம் முழுவதும் மண்டபத்து மாடியில், இலை போட்டு வைத்திருந்த பந்தியில் இருந்தது.

முதல் பந்தியில் நடு இலை இவருக்கு. இடப் பக்கம் இவருடைய சித்தப்பா மகன் கணபதி. நான் பெண்கள் நின்ற பக்கம், தண்ணீர் டிரம்முக்கு அருகில் ஒதுங்கி நின்றேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. வரிசை முழுக்கக் கைகள் இறங்கின. இவர் இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். வலது கையை இலைமேல் வைத்தார். பிசைந்தார். பெருவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்து ஒரு கிள்ளுச் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். பாதி போனது, பாதி வேட்டியில் விழுந்தது. மறுபடி எடுத்தார்.

மற்றவர்கள் ரசத்துக்குப் போய்விட்டார்கள். இவர் சாம்பாரில் இருந்தார். மற்றவர்கள் மோரும் முடித்துவிட்டார்கள். இவர் அப்போதுதான் ரசச் சோற்றுக்கு வந்தார். பந்தியில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். இலை எடுக்கிறவர்கள் வாளியோடு நின்றார்கள். எல்லார் கண்ணும் ஒரு கையின்மேல். நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டேன்.

கணபதி இலையில் ஒன்றும் இல்லை. கையை உயர்த்தி, “ஏ ரசம், இங்க வா” என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். சோறே இல்லாத இலையில் ரசத்தை ஊற்றச் சொல்லி, கையைக் குவித்து உறிஞ்சினான். அவனைப் பார்த்து அடுத்தவர் மோர் கேட்டார். அதற்கடுத்தவர் ஒரு அப்பளம். வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் திடீரென்று ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

“அண்ணாச்சி, கொச்சியில ஒரு வேளைச் சோத்த இப்படித்தான் பொழுதடையத் திம்பியளா?” என்றான் கணபதி.

“நீ பேசாம குடில. மீசையில ரசம் வழியுது” என்றார் இவர். வாயில் சோறு இருந்தது. கையை இலையிலிருந்து எடுக்கவில்லை.

கடைசியில் மோர்ச் சோறு. அது விரலில் நிற்கவில்லை, வழிந்தது. நாலைந்து முறை எடுத்துப் பார்த்தார். பிறகு போதும் என்று விட்டுவிட்டு, இலையை மடித்து, எழுந்தார். அவரோடு வரிசை முழுக்க எழுந்தது. நாற்காலிகளைப் பின்னால் தள்ளுகிற சத்தம் மண்டபமே இடிந்த மாதிரிக் கேட்டது.

கைகழுவப் போகும் வழியில் என் பக்கத்தில் நின்றார். வேட்டியெல்லாம் சோறு.

“நீ சாப்பிட்டியா?” என்றார்.

“இல்ல.”

“போ, போய் உக்காரு. சாம்பார் நல்லாருக்கு.”

காலையிலிருந்து எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்போதுதான் பசித்தது. இவ்வளவு கூட்டத்தில் நான் எப்போதும் கடைசிப் பந்தியில், கடைசி இலையில்தான் உட்காருவேன். அன்றைக்கு அப்படியே நேராகப் போய், அவர் எழுந்த இடத்தில் புது இலை விழவும் உட்கார்ந்துவிட்டேன்.